பட்டியலில் ஏறாத பெயர்கள்: உறுப்பு மாற்று நிலையங்களை ஒப்பிடுவோர்க்கு ஒரு மறுப்பு

மருத்துவ நிலையங்களை எண்களால் அளந்து, ஒன்றினும் மற்றொன்று சிறந்ததென நிறுவும் வழக்கம் இன்று உலகின் பல நாடுகளிலும் வலுப்பெற்றுள்ளது. உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சைத் துறையில் இவ்வழக்கம் ஆழமாக வேரூன்றியுள்ளது. சிகிச்சை பெற்றோரில் ஓராண்டின் பின் எத்தனை வீதத்தினர் உயிருடன் உள்ளனர், உறுப்பொன்றுக்காக எவ்வளவு காலம் காத்திருக்க நேர்கின்றது என்னும் இரு வினாக்களே அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கினால் நோயாளி தனக்குரிய நிலையத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்பது இதனை ஆதரிப்போர் கூற்று. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் அது பாதி உண்மையே. நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நின்று இவ்வெண்களை நோக்குமிடத்து, அவை கூறுவதினும் கூறாது விடுவதே மிகுதி என்பது புலனாகும். பட்டியலில் உள்ளோரை மட்டும் எண்ணும் கணக்கு, அப்பட்டியலின் வாயிலையே அடையாது மாண்டோரை எண்ணுவதில்லை. அவர்களை எண்ணாதவரை எந்த நிலையமும் தன்னைச் சிறந்ததெனக் கூறிக்கொள்ளும் உரிமையைப் பெறாது என்பதே ஈண்டு வலியுறுத்தப்படுவது.

இலங்கையில் முதலாவது சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை 1985 ஆம் ஆண்டிலே நடைபெற்றது. ஈராண்டின் பின், 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் மனித இழையங்களைக் கொடுத்தல், பெறுதல், மாற்றுதல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. நாட்டின் முதலாவது இருதய மாற்று 2017 இல் கண்டிப் போதனா வைத்தியசாலையிலே நிகழ்ந்தது. அதற்கும் நெடுங்காலத்துக்கு முன்னரே, 1961 இல், வைத்தியர் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கம் இலங்கையரின் விழிவெண்படலங்களைப் பல நாடுகளுக்கும் அனுப்பிப் பெயர்பெற்றிருந்தது. எனவே கொடை மனமோ சத்திரசிகிச்சைத் திறனோ இந்நாட்டில் இல்லையென எவரும் கூறார். எனினும் இங்கு மாற்றப்படும் சிறுநீரகங்களிற் பெரும்பாலானவை உயிருடன் இருப்போர் கொடுப்பவையே. இதனால் காத்திருத்தல் என்னும் சொல்லின் பொருளே இங்கு வேறாகின்றது. பட்டியலில் எண் வரும்வரை பொறுத்திருத்தல் மட்டும் காத்திருத்தல் ஆகாது. கொடுப்பவரைத் தேடி அலைதலும் அதனுள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் குருதி வகையைக் குறிப்பிட்டு, சிறுநீரகம் வேண்டி வெளிவரும் விளம்பரங்களே இந்நாட்டின் எழுதப்படாத காத்திருப்புப் பட்டியல் எனின் மிகையாகாது. பத்திரிகையில் விளம்பரம் செய்யப் பணமும், எழுதித்தர ஆளும், தொடர்புக்கு முகவரியும் உடையோர் மட்டுமே அதிலும் இடம்பெறுவர்.

ஒப்பீட்டு முறை எங்கு முதிர்ந்துள்ளதோ அங்கிருந்தே அதன் தன்மையை ஆராய்தல் பொருத்தமுடையது. அமெரிக்காவில் 1984 ஆம் ஆண்டின் தேசிய உறுப்பு மாற்றுச் சட்டத்தின் வழிவந்த பதிவகமொன்று, ஒவ்வொரு நிலையத்தினதும் பெறுபேறுகளை ஆண்டுக்கு இருமுறை பகிரங்கமாக வெளியிடுகின்றது. பிரித்தானியாவிலும் தேசிய சுகாதார சேவையின் குருதி, உறுப்பு மாற்றுப் பிரிவு ஆண்டுதோறும் நிலைய வாரியான அறிக்கைகளை வெளியிடுகின்றது. நோயாளியின் வயது, நீரிழிவு போன்ற உடனிருக்கும் நோய்கள், கொடுக்கப்பட்ட உறுப்பின் தரம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு எண்கள் சீர்செய்யப்படுகின்றன. முதியோரையும் மிக நலிந்தோரையும் ஏற்கும் நிலையம் அக்காரணத்தால் தண்டிக்கப்படலாகாது என்பதே இதன் நோக்கம். இவ்வளவு கவனத்துடன் செய்யப்படும் பணியை இகழ்தல் அறிவுடைமையன்று. அரச பணத்தில் நடைபெறும் சிகிச்சையின் விளைவை மக்கள் அறிய வேண்டும் என்னும் கோட்பாடும் மறுக்கவொண்ணாதது. இத்துணைச் செம்மையான கணக்கும் எவ்விடத்தில் வழுவுகின்றது என்பதே வினா.

முதலாவது வழு சிறுதொகைகளின் இயல்பிலிருந்து பிறக்கின்றது. ஆண்டுக்கு 20 சத்திரசிகிச்சைகள் செய்யும் நிலையமொன்றை எடுத்துக்கொள்க. அதில் ஒருவர் இறப்பின் உயிர்வாழ்வு வீதம் 95. இருவர் இறப்பின் 90. ஒரே ஒரு மரணம், அதுவும் நிலையத்தின் திறனோடு தொடர்பற்ற வீதி விபத்தாயினும், ஐந்து வீத வேறுபாட்டை ஏற்படுத்திவிடும். 400 சத்திரசிகிச்சைகள் செய்யும் நிலையத்திலோ அதே மரணம் கால் வீத வேறுபாட்டையே உண்டாக்கும். சிறிய நாடொன்றின் சிறிய நிலையங்களை இவ்வாறு வரிசைப்படுத்தி முதலிடம், இரண்டாமிடம் என வழங்குதல் பெரும்பாலும் தற்செயலுக்குச் சூட்டும் மகுடமேயாகும். புள்ளிவிபரவியலை முதலாண்டில் கற்கும் மாணவனும் அறிந்த இவ்வுண்மை, வைத்தியசாலைகளைத் தரவரிசைப்படுத்தும் ஆர்வத்தில் எளிதாக மறக்கப்படுகின்றது.

இரண்டாவது வழு பாரதூரமானது. 2007 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதி நிருவாகம், மாற்று நிலையங்களின் அங்கீகாரத்தைப் புதுப்பிப்பதற்கு ஓராண்டு உயிர்வாழ்வு வீதத்தை ஒரு நிபந்தனையாக்கியது. எண் குறைந்தால் அங்கீகாரம் போகும் என்ற அச்சம், இடர் மிகுந்த நோயாளரையும் சற்றுத் தரங்குறைந்த உறுப்புகளையும் நிலையங்கள் தவிர்ப்பதற்கு ஏதுவாயிற்று என்ற கண்டனம் மருத்துவர்களிடமிருந்தே எழுந்தது. ஈற்றில் 2019 இல் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. இவ்வரலாறு உணர்த்தும் பாடம் யாதெனின், உயிர்வாழ்வு வீதத்தை உயர்த்துவதற்கு இரு வழிகள் உள்ளன என்பதாம். சிகிச்சையைச் செம்மைப்படுத்துதல் ஒன்று. இறக்கக்கூடியவரைச் சேர்க்காது விடுதல் மற்றொன்று. இரண்டாவது வழி எளிதானது, செலவற்றது, அட்டவணையில் தடயமெதையும் விடாதது. நாட்டுப்புறத்துப் பள்ளிகளிற் சில, சித்தியடைய மாட்டார் எனக் கருதும் மாணவரைப் பரீட்சைக்கு அனுப்பாது சித்தி வீதத்தை உயர்த்திக்கொண்டதை அறிந்தோர்க்கு இத்தந்திரம் புதிதன்று.

இக்குறையை உணர்ந்தோர், கணக்கைச் சத்திரசிகிச்சை நாளிலிருந்து தொடங்காது, பட்டியலில் பெயர் பதிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும் எனக் கூறினர். பிரித்தானிய அறிக்கைகள் இவ்வகைக் கணிப்பையும் தருகின்றன. பட்டியலில் ஏறிய நோயாளி ஒருவரின் ஆயுளை மிகுதியும் நிர்ணயிப்பது சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வீதங்களிடையே உள்ள சிறு வேறுபாடன்று, உறுப்பு எவ்வளவு விரைவாகக் கிடைக்கின்றது என்பதே என அமெரிக்கப் பதிவகமும் நோயாளர்க்கு அறிவுறுத்துகின்றது. இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் பட்டியலில் ஏறுமுன் நிகழ்வது இப்போதும் இருளிலேயே கிடக்கின்றது.

அவ்விருளில் நிகழக்கூடியதை அமெரிக்காவின் வேறொரு நிகழ்வு எடுத்துக்காட்டும். சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றலைக் குருதிப் பரிசோதனையிலிருந்து கணிக்கும் சூத்திரத்தில், கறுப்பினத்தவர்க்கென ஒரு பெருக்கெண் நெடுங்காலம் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் விளைவாக, ஒரே அளவு நோயுற்ற இருவரில் கறுப்பினத்தவரின் சிறுநீரகம் நல்ல நிலையில் உள்ளதெனத் தாள் கூறிற்று. அவருடைய காத்திருப்புக் காலம் பிந்தித் தொடங்கிற்று. 2022 இல் அப்பெருக்கெண் மாற்றுத் துறையிலிருந்து விலக்கப்பட்டது. இழந்த காத்திருப்புக் காலத்தை மீள வழங்கும் விதி 2023 இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு இருமுறை வெளிவந்த அட்டவணைகள் எவையும் இவ்வநீதியைக் காட்டவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பட்டியலுக்குள் நிகழ்ந்த பிழையாயின் அட்டவணை அதனைக் காட்டியிருக்கும். பிழை பட்டியலின் வாசற்படியில் இருந்தமையால், படியில் தடுக்கி விழுந்தோரை அது காணவில்லை.

மலையகத்தின் வாசற்படிகள் ஒன்றல்ல, பல. சிறுநீரகம் பழுதடைவதற்கு உலகெங்கும் முதன்மைக் காரணங்களாயுள்ளவை நீரிழிவும் உயர் குருதியமுக்கமுமாம். இரண்டும் வலியின்றி வளர்வன. ஆகவே பட்டியலை நோக்கிய முதலாவது படி சத்திரசிகிச்சைக் கூடத்தில் இல்லை; தோட்டத்து டிஸ்பென்சரியில் குருதியமுக்கத்தை அளக்கும் கருவியில் உள்ளது. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தை நாட்டின் பொதுச் சேவையினின்றும் வேறான தனியேற்பாடாக நிலைநிறுத்தியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினவேயன்றி, தோட்ட வைத்தியத்தை அரச சுகாதார சேவையுடன் முற்றாக இணைக்கும் பணி இன்னும் நிறைவுபெறவில்லை. 2017 இல் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயின் லயத்துக்கும் அக்கட்டடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கட்டடம் தானே நடந்து கடப்பதில்லை.

இரண்டாவது படி கூலி. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நாட்கூலி என்பதன் பொருள், வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாத நாளுக்குப் பணம் இல்லை என்பதே. ஹட்டனிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர். மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய இடங்களின் மேற்பிரிவுகளிலிருந்து ஹட்டனை அடைவதே தனிப்பயணம். குருதிச் சுத்திகரிப்பு முறைப்படி வாரத்துக்கு மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடைபெற வேண்டுவது. பஸ்ஸில் செல்லும் நேரத்தையும் சேர்த்து நோக்கின், நோயாளிக்கும் துணை செல்பவருக்கும் வாரத்தின் பாதி கரைந்துபோகும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல வீதிகள் மண்சரிவினால் துண்டிக்கப்பட்டன. அந்நாட்களில் சுத்திகரிப்புப் பொறியை நம்பி வாழ்வோர்க்கு வீதியே உயிர்நாடியாயிற்று.

மூன்றாவது படி கொடையாளி. உறவினர் ஒருவர் சிறுநீரகம் ஈய முன்வரினும், அவரும் அதே செக்ரோலில் பேர் உள்ளவரே. கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் ஏறும் உடல், சத்திரசிகிச்சையின் பின் பல வாரங்கள் பாரம் தூக்கலாகாது. ஒரு குடும்பத்தின் இரு கூலிகள் ஒருசேர நின்றுவிடும். உறவுமுறையை நிறுவப் பத்திரங்கள் வேண்டும். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம்வரை அதன் எச்சங்களைச் சுமந்த ஒரு சமூகத்தில், தந்தையின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒருவாறும் மற்றொன்றில் வேறொருவாறும் இருத்தல் வியப்பன்று. இவற்றோடு மொழியும் ஒரு படியாகின்றது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் தன் உடலின் ஓர் உறுப்பைக் கொடுக்கும் சம்மதத்தைத் தனக்கு விளங்கும் மொழியில் வாசித்து ஒப்பமிடும் நிலை எல்லா இடத்தும் உறுதிப்பட்டுள்ளதா என்று கேட்பது குற்றமாகாது.

இப்படிகளில் எந்த ஒன்றிலேனும் வழுக்கியவர், எந்த நிலையத்தின் அட்டவணையிலும் மரணமாகப் பதியப்படுவதில்லை. இது மலையக மக்களின் வரலாற்றுக்குப் புதிதுமன்று. 1840களில் கோப்பித் தோட்டங்களை நோக்கி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையால் மாத்தளைக்கு நடந்தோரில் எண்ணற்றோர் வாந்திபேதியாலும் அம்மையாலும் பட்டினியாலும் வழியிலேயே மடிந்தனர். அவர்தம் தொகை எவ்வளவு என்பது அக்காலந்தொட்டே சர்ச்சைக்குரியதாயிருப்பதன் காரணம் வெளிப்படை. தோட்டத்தை அடைந்து செக்ரோலில் பேர் ஏறிய பின் இறந்தவனே துரையின் கணக்கில் இறந்தவன். வழியில் இறந்தவனுக்குக் கணக்கே இல்லை. தோட்டத்தின் மரண வீதம் குறைவெனக் காட்டிய ஏடு பொய்யுரைக்கவில்லை. தனக்கு வசதியான இடத்திலிருந்து எண்ணத் தொடங்கிற்று, அவ்வளவே. இன்றைய உயிர்வாழ்வு வீதமும் அதே இடத்திலிருந்தே எண்ணத் தொடங்குகின்றது.

இவ்வாதத்துக்கு மூன்று திசைகளிலிருந்து மறுப்புகள் எழலாம். எண்களை வெளியிடவே வேண்டாம், பாமரர் அவற்றைத் தவறாக விளங்கிக்கொள்வர், வைத்தியர் அஞ்சுவர் என்பர் ஒருசாரார். அட்டவணையின் குறைகளைச் சுட்டுவது அதனை மூடிவைப்பதற்கு ஆதாரமாகாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சிறுவர் இருதய சத்திரசிகிச்சையில் நேர்ந்த மிகையான மரணங்கள், உள்ளிருந்த வைத்தியர் ஒருவர் எண்களைத் திரட்டிக் குரலெழுப்பிய பின்னரே வெளிப்பட்டன. 2001 இல் வெளியான விசாரணை அறிக்கை, மூடிய கதவுகளின் பின்னால் திறமையின்மை எவ்வாறு பல்லாண்டு பாதுகாப்புப் பெறுகின்றது என்பதை உலகுக்கு உணர்த்தியது. குறைபட்ட எண்ணுக்கு மருந்து முழுமையான எண்ணே. நிலைய வாரியான பெறுபேறுகளை ஆண்டுதோறும் பொதுமக்கள் முன் வைக்கும் மரபு இலங்கையில் இன்னும் வேரூன்றாமை பெருமைப்படத்தக்கதன்று.

தோட்டத்துக்கு முதலில் தேவை மலசலகூடமும் சத்துணவுமேயன்றிச் சிறுநீரக மாற்று அன்று என்பர் இரண்டாம் சாரார். இவர்தம் நெஞ்சில் இரக்கம் இருக்கலாம். வாதத்திலோ ஒரு பாகுபாடு மறைந்துள்ளது. கொழும்பிலோ கண்டியிலோ வாழ்பவர்க்கு உயர்சிகிச்சை உரிமை, தோட்டத்தில் வாழ்பவர்க்கு மலசலகூடம் போதும் என இரு நியதிகள் வகுப்பதற்கு இவர்க்கு அதிகாரம் அளித்தவர் யார்? அன்றியும் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. டிஸ்பென்சரியில் குருதியமுக்கம் அளக்கப்படும் தோட்டத்தில் மாற்றுச் சிகிச்சைக்குரியோர் குறைவர். அவ்வாறு உரியோரும் காலத்தே பட்டியலை அடைவர். தோட்டத்திலிருந்து ஒரு பெயரேனும் பட்டியலில் ஏறவில்லையாயின், அங்கு நோய் இல்லை என்பது அதன் பொருளாகாது. அளக்கப்படவில்லை என்பதே பொருள். உயர்சிகிச்சைப் பட்டியல் அடிநிலைச் சிகிச்சையின் கண்ணாடி.

பணமுள்ளவர் தனியார் நிலையங்களையோ அயல்நாட்டையோ நாடட்டும், அதனால் அரசப் பட்டியலின் சுமை குறையும் என்பர் மூன்றாம் சாரார். இத்திசையில் தமிழ்நாட்டின் அனுபவம் இருபக்கமும் கூரானது. 2008 இல் விபத்தில் மூளைச்சாவுற்ற இளைஞர் ஒருவரின் உறுப்புகளைப் பெற்றோர் ஈந்த நிகழ்வு மக்கள் மனத்தைத் தொட்டது. அவ்வாண்டிலேயே இறந்தோர் உறுப்புக்கொடையை அரசு ஒழுங்குபடுத்தியது. பொதுப்பட்டியலும் பங்கீட்டு விதிகளும், ஏழைகளின் சிகிச்சைக்கு அரச காப்புறுதியும் பின்னர் அமைந்தன. இது போற்றத்தக்கது. ஆயின் அதே மாநிலத்தில் 1980களில் சென்னையின் வில்லிவாக்கமும், ஆழிப்பேரலைக்குப் பின் எண்ணூரும், 2025 இல் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிப்பாளையத்து விசைத்தறித் தொழிலாளர் குடியிருப்புகளும் சிறுநீரக விற்பனையால் செய்தியாயின. பணம் வழிகாட்டும் இடத்தில் ஏழையின் பெயரும் ஏட்டில் ஏறுகின்றது. பெறுவோர் நிரலில் அன்று, கொடுப்போர் நிரலில். கடன்பட்ட தொழிலாளர் செறிந்து வாழும் மலையகம் இவ்வெச்சரிக்கையைக் காலத்தே ஏற்றல் வேண்டும்.

ஆகவே வேண்டுவது யாது? தனி நிரலொன்று பெரும் வலிமை உடையதென்பதற்கு மலையகத்தின் வரலாறே சான்று. இலங்கையின் உத்தியோகபூர்வப் புள்ளிவிபரங்கள் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று பகுதிகளாக வகுக்கப்படுகின்றன. 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் மரணம் பெருகியமை மறுக்கவொண்ணா உண்மையாக நிலைபெற்றதற்குத் தோட்டப் பகுதிக்கெனத் தனிக்கணக்கு இருந்தமை ஒரு காரணம். நாட்டின் சராசரிக்குள் அது கரைந்திருப்பின், அம்மரணங்களும் கரைந்திருக்கும். சிசுமரணத்துக்கு இயன்ற அப்பாகுபாடு சிறுநீரகத்துக்கு இயலாதெனின், அது தொழில்நுட்பக் குறையாகாது, விருப்பக் குறையே.

சுகாதார அமைச்சும் மாற்று நிலையங்களும் ஆண்டறிக்கையொன்றை மும்மொழியிலும் வெளியிடுதல் வேண்டும். அதில் சத்திரசிகிச்சையின் பின் உயிர்வாழ்வோர் வீதத்துடன், சிறுநீரகச் செயலிழப்பு முதன்முதற் கண்டறியப்பட்ட நாளிலிருந்து கணிக்கப்பட்ட உயிர்வாழ்வு வீதமும் இடம்பெறுதல் வேண்டும். பரிந்துரைக்கப்பட்டோர், ஏற்கப்பட்டோர், மறுக்கப்பட்டோர், மறுப்புக்கான காரணம், இடையில் வராது நின்றோர் ஆகிய தொகைகள் நகரம், கிராமம், தோட்டம் என வகுத்துக் காட்டப்படல் வேண்டும். மாற்றுறுப்பை உடல் நிராகரியாதிருக்க வாழ்நாள் முழுதும் உட்கொள்ளவேண்டிய மருந்துகள் தடையின்றிக் கிடைத்தனவா என்பதும் பதியப்படல் வேண்டும். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே வழமையான சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டமையை நினைவுகொள்வோர் இதனை மிகையெனக் கருதார். சிறுதொகைகளால் தனியாள் அடையாளம் வெளிப்படுமென்ற ஐயத்துக்கு, மூன்று அல்லது ஐந்து ஆண்டுத் தொகைகளை ஒன்றுசேர்த்து வெளியிடுதல் தக்க விடையாகும்.

இக்கடமையில் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. மலையகத்தின் தலைவாயிலில் அமைந்த பேராதனையில் மருத்துவ பீடமும், புள்ளிவிபரவியல் கற்பிப்போரும், தோட்டங்களிலிருந்து வந்து பயிலும் மாணவரும் உளர். தோட்டமொன்றில் குருதியமுக்கம் அளக்கப்பட்டோர் எத்தனை பேர், பரிந்துரைத் துண்டு பெற்றோர் எத்தனை பேர், கண்டியை அடைந்தோர் எத்தனை பேர் என எண்ணுவதற்குப் பெரும் பொறிகள் வேண்டியதில்லை; ஏடும் எழுதுகோலும் சில மாத உழைப்பும் போதும். அவ்வெண்ணிக்கை கிடைக்கும் நாளில் எந்த நிலையம் முதலாவது, எது இரண்டாவது என்னும் வினா பின்தள்ளப்படும். ஒரு நிலையத்தின் சிறப்பு, அதன் கூடத்தினின்றும் உயிருடன் வெளியேறியோரால் மட்டும் அளக்கப்படுவதன்று. வெளியே நின்றவர்களில் எத்தனை பேரை அது உள்ளே அழைத்தது என்பதாலும் அளக்கப்படும்.